வெட்டினாலும் முளைக்குமாம்

அத்தியாயம் 14

ஆஷாவின் பிறந்தநாளுக்குச் சித்தப்பா மாரிச்செல்வம் கண்ணாடித் தொட்டியோடு தூக்கிக்கொண்டு வந்த ஆக்ஸலாட்டல் என்ற நீர்ப்பிராணி, பத்தாவது நாள் காலையில் தலைகீழாக மிதந்தது.

சாகவில்லை. வெளிர் ரோஸ் நிற வயிறு மேலே தெரிய, மூன்று கால்கள் தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தன. நான்காவது கால் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சின்ன முண்டு. அதன்மேல் பஞ்சை ஒட்டவைத்ததுபோல வெள்ளையாக என்னவோ படர்ந்திருந்தது.

கால் இல்லாமல்தான் வந்தது அது. "தொட்டிக்குள்ள இன்னொண்ணு கடிச்சிருச்சு மதினி. கவலைப்படாதீக. இதுக்குக் கால் போனா முளைச்சிரும்" என்று மாரிச்செல்வம் சொன்னதை வீடே நம்பியது. ஆஷா அதற்குப் பன்னீர் என்று பெயர் வைத்தாள். யூடியூபில் பார்த்து, இது மீன் இல்லை, தவளைக்குச் சொந்தம், குளிர்ந்த தண்ணீரில்தான் உயிர் வாழும் என்று தெரிந்துகொண்டாள். ஏப்ரல் வெயிலில் திருப்பூரில் குளிர்ந்த தண்ணீருக்கு எங்கே போவது? பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தொட்டிக்குள் இறக்கினாள். பத்து வயதுப் பிள்ளை பத்து நாளாகச் செய்த வேலை அது.

பன்னீர் ஒரு வாய் தின்னவில்லை.

"அம்மா, இங்க வா. சீக்கிரம் வா!"

ஜோதிகா ஈரக்கையோடு வந்து குனிந்தாள். நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாகச் செக்கிங் வேலை பார்ப்பவள். ஓட்டை, கறை, தையல் விட்டது என்று ஒரு நாளைக்கு ஆயிரம் உருப்படியாவது அவள் கண்ணைத் தாண்டிப் போகும். அந்தக் கண் இப்போது காலைப் பார்க்கவில்லை. தலையின் இரண்டு பக்கமும் இறகுபோல விரிந்திருந்த செவுள்களைப் பார்த்தது.

வலது பக்கம் மூன்று கிளையும் நீளமாக இருந்தன. இடது பக்கம் இரண்டு கிளைகள் பாதியோடு நின்றுவிட்டன. ஒரே உயரத்தில், தட்டையாக.

பிய்ந்த துணி வேறு, வெட்டிய துணி வேறு. கடித்து இழுத்திருந்தால் ஓரம் சிம்பு சிம்பாக நிற்கும். இது கத்திரி போட்ட ஓரம்.

"ஏங்க, இங்க வந்து பாருங்க. இத எவனோ கத்திரியால வெட்டிருக்கான்."

கணவன் ஜெயபாண்டி தட்டிலிருந்து நிமிரவில்லை. கட்டிங் மாஸ்டர். ஷிப்மென்ட் நெருங்கிவிட்டதால் ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி.

"காலங்காத்தால ஆரம்பிக்காத. மீனுக்கு எவனாச்சும் முடி வெட்டுவானா?"

"மீன் இல்லப்பா" என்றாள் ஆஷா. "அது முடியும் இல்ல. அதுல தாம்ப்பா மூச்சு விடுது."

ஜெயபாண்டி கை கழுவினான். சட்டைப் பித்தானைப் போட்டபடி மனைவியிடம் குரலைத் தாழ்த்தினான். "தம்பி தொழில்ல தலையிடாத ஜோதிகா. ரெண்டு வருசமா நாயா அலைஞ்சு ஒரு கடைன்னு ஆக்கியிருக்கான். சாயங்காலம் நானே கேக்குறேன்."

"சாயங்காலம் வரைக்கும் இது உசுரோட கெடக்குமா?"

பைக் கிளம்பும் சத்தம்தான் பதிலாக வந்தது.

மாரிச்செல்வத்துக்கு மூன்று முறை போன் செய்தாள். எடுக்கவில்லை. நான்காவது முறை செய்யவில்லை. மூடி போட்ட வாளியில் தண்ணீரை மாற்றி, பன்னீரை இறக்கி, ஐஸ் பாட்டிலை ஒரு ஓரமாகச் செருகினாள்.

"செருப்பப் போடு. உங்க சித்தப்பா கடைக்குப் போறோம்."

ராயபுரத்துக் கடையின் பெயர்ப் பலகையில் இரண்டு தங்கமீன்களுக்கு நடுவே 'ஆஷா அக்வேரியம்' என்று எழுதியிருந்தது. தையல் மிஷினை விட்டு எழுந்துவந்த மாரிச்செல்வம், அண்ணன் மகளின் பெயரைத்தான் வைப்பேன் என்று பிடிவாதமாக நின்றான். கூட்டாளி சிவசுப்பிரமணியமும் சரி என்றார். அவருக்குப் பெயரில் அக்கறை இல்லை. சரக்கு எங்கே வாங்குவது, எப்படித் தள்ளுவது என்பதுதான் அவர் பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை. கடை நிறையக் குடும்பங்கள். வாசலில் புது பேனர் தொங்கியது: 'சிரிக்கும் டிராகன் வந்தாச்சு!' நீல விளக்குப் போட்ட தொட்டிகளில் வெள்ளை, ரோஸ், கறுப்பு என்று ஆக்ஸலாட்டல்கள். அவற்றின் வாய் அமைப்பே சிரிப்பதுபோல இருக்கும். வலியில் இருந்தாலும் அப்படித்தான் இருக்கும்.

மாரிச்செல்வம் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"இதுக்கு ஒரு காலக் காணோமுங்களே?" என்றாள் அந்தப் பெண்.

"அதனால என்னக்கா? ரெண்டே மாசத்துல முளைச்சிரும். பிள்ளைகளுக்கு அதப் பாக்குறதே ஒரு படிப்பு."

ஜோதிகா நின்றுவிட்டாள். பிறந்தநாள் அன்று அவளிடம் சொன்ன அதே 'முளைச்சிரும்'. ஒரு எழுத்து மாறவில்லை.

அந்தப் பெண் தயங்கினாள். "இல்லீங், போன மாசம் உங்ககிட்ட வாங்குனது செத்துப்போச்சுங்க. எம்பையன்தான் தண்ணி மாத்துனான். அவன்தான் கொன்னுபோட்டான்னு நெனச்சுட்டு ஒரு வாரமாச் சோறே சரியாத் திங்கறதில்லீங்க. அதே மாதிரி ஒண்ணு கொண்டுபோய்க் காட்டலாம்னு..."

"அதுக்கும் கால் இல்லையா?"

பின்னாலிருந்து வந்த கேள்விக்கு அந்தப் பெண் திரும்பினாள். கையில் வாளியோடு ஒருத்தி நிற்பதைப் பார்த்தாள். மாரிச்செல்வத்தின் முகம் வெளுத்தது.

"காலெல்லாம் இருந்துச்சுங்க்கா. காதோரம் இறகாட்டம் இருக்குதுங்களே, அதுதான் ஒரு பக்கம் குட்டையா இருந்துச்சு. வளர வளர நீண்டுக்கும்னு இவருதான் சொன்னாருங்க."

ஜோதிகா வாளியின் மூடியைத் திறந்து காட்டினாள். "இப்பிடியா?"

கீர்த்தனா என்ற அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

"மதினி, வீட்டுல வச்சுப் பேசிக்குவோம்..." மாரிச்செல்வம் வாளியை வாங்க வந்தான். ஜோதிகா அதை ஆஷா கையில் கொடுத்துவிட்டு, கடையின் பின்கட்டுத் திரையை நோக்கி நடந்தாள்.

"அங்கிட்டுப் போகாதீக மதினி!"

போனாள்.

தகரக்கூரை போட்ட சின்ன அறை. உள்ளே நுழைந்ததும் சூடு முகத்தில் அடித்தது. அதற்குப் பின்னால் நாற்றம். சாயப்பட்டறையிலிருந்து வந்த நீலப் பீப்பாய்களை நீளவாக்கில் அறுத்துத் தொட்டியாகப் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு ஆக்ஸலாட்டல்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. இடம் பத்தாமல், பசி தாங்காமல் ஒன்றையொன்று கடித்திருந்தன. கால் போனது, வால் நுனி போனது, வயிறு ஊதி மிதப்பது, கண்மேல் வெள்ளை படர்ந்தது. ஜோதிகா தன்னை அறியாமல் எண்ணினாள். நாற்பத்தொன்று. குறையில்லாதது ஒன்றுகூட இல்லை.

சுவரோரப் பலகையில் ஈரம் காயாத ஒரு டிரிம்மர் கிடந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற, நூல் வெட்டும் கத்திரி.

அது அவள் கொண்டுவந்து கொடுத்தது. தொட்டியில் செடி நறுக்க வேண்டும் என்று மாரிச்செல்வம் கேட்டான். கம்பெனி ஸ்டோரில் சொல்லி வாங்கிவந்து அவன் கையில் கொடுத்தாள்.

அதை எடுத்துக்கொண்டு திரும்பினாள். மாரிச்செல்வம் திரைக்குப் பக்கத்தில் நின்றான்.

"சொல்லு."

"மதினி... பூஞ்சை பிடிச்சது தெரிஞ்சா எவனும் வாங்க மாட்டான். பிடிச்ச இடத்த மட்டும் நறுக்கிவிட்டா சுத்தமாத் தெரியும். சிவா அண்ணன்தான் சொல்லிக் குடுத்தாரு. அப்புறம் முளைச்சிரும்ல? அதுக்குத்தான் முளைக்குமே!"

"முளைக்கும்னா வெட்டலாமா?" அவள் குரல் கடைவரைக்கும் கேட்டது. "உனக்கு நகம் முளைக்குதுல்ல? கொறடு வச்சுப் புடுங்கவா? கை நீட்டு, புடுங்குறேன்!"

"மதினி, கூட்டமா இருக்கு..."

"இருக்கட்டும். என் பிள்ளை பத்து நாளா ராவும் பகலும் ஐஸ் மாத்துனாளேடா. நான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்மா, அதான் சாப்பிட மாட்டேங்குதுன்னு அழுதாளே. நீதான் வெட்டுனன்னு தெரிஞ்சே, அவ கன்னத்தத் தொட்டுக் கொஞ்சிட்டுப் போனியே!"

திரை விலகியது. ஆஷா வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"சித்தப்பா, பன்னீரையும் நீங்கதான் வெட்டுனீங்களா?"

மாரிச்செல்வம் ஒரு அடி பின்வாங்கினான்.

"வெட்டும்போது அது அசைஞ்சுச்சா?"

அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். ஆஷா அழவில்லை. அவள் அம்மாவின் முகத்தில் இருந்த அதே கோபம் அந்தச் சின்ன முகத்திலும் இருந்தது.

"போர்டுல இருந்து என் பேர எடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனாள்.

ஜோதிகாவின் கைப்பையில் எப்போதும் ஒரு ஸ்டிக்கர் சுருள் இருக்கும். செக்கிங்கில் குறை தென்பட்டால் அந்த இடத்தைக் காட்டுகிற மாதிரி ஒட்டும் சிவப்பு அம்பு. அதை எடுத்தாள். முதல் தொட்டியின் கண்ணாடியில், கால் போன ரோஸ் ஆக்ஸலாட்டலுக்கு நேராக ஒரு அம்பை ஒட்டினாள். "கால் இல்ல." அடுத்தது. "செவுள வெட்டியிருக்கு." அடுத்தது. "வயிறு ஊதியிருக்கு, கல்ல முழுங்கியிருக்கும்." அடுத்தது. "கண்ணு போச்சு."

சத்தம் போடவில்லை. கம்பெனி மேஜைக்கு முன்னால் நிற்பதுபோல வரிசையாக நகர்ந்தாள். அம்பு காட்டிய இடத்தை ஜனங்கள் குனிந்து பார்த்தார்கள். பார்த்ததும் பிள்ளைகளின் கையைப் பிடித்து இழுத்தார்கள். ஒரு ஆள் கையிலிருந்த பாலிதீன் பையைத் திரும்பத் தொட்டியோரம் வைத்துவிட்டு வெளியே போனான். பன்னிரண்டு தொட்டியிலும் ஒட்டி முடித்தபோது கீர்த்தனாவைத் தவிரக் கடையில் வேறு ஆள் இல்லை.

"அப்ப எம்பையன் கொல்லலீங்க, இல்லீங்க்கா?" என்றாள் கீர்த்தனா. கண் கலங்கியிருந்தாலும் குரல் இறுகியிருந்தது.

"இல்ல. வீட்டுக்குப் போனதும் அவங்கிட்ட மொதல்ல அதச் சொல்லுங்க."

வாசலில் கார் நின்றது. வெள்ளைச் சட்டையில் சிவசுப்பிரமணியம் இறங்கி வந்தார். தொட்டிகளைப் பார்த்தார். அம்புகளைப் பார்த்தார். குரலில் கொஞ்சமும் சூடில்லை.

"வாங்க அம்மிணி. ஏனுங், இப்பிடிப் பண்ணிப்போட்டீங்க? நம்ம கடைங்க இது. எதுன்னாலும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே?"

"உங்ககிட்ட கேட்டுத்தான் இவன் வெட்டியிருக்கான்."

"அது என்ன மனுசங்களா அம்மிணி? கை போனா கை முளைக்குது, காலு போனா காலு முளைக்குது. சாமி அதுக்கு அப்பிடி ஒரு வரம் குடுத்திருக்குது. நீங்க எதுக்குங்க கண்ணு கலங்கோணும்?"

"அம்மா."

ஆஷா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். வாளிக்குள் பார்த்தபடியே சொன்னாள். "பன்னீர் அசையலம்மா."

ஜோதிகா போய்ப் பார்த்தாள். விரலால் மெல்லத் தொட்டாள். தண்ணீர் அசைந்த பக்கம் அது போனது. முகத்தில் அந்தச் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

அவள் நிமிர்ந்தாள். "இது முளைக்குமா? சொல்லுங்க. வரம் வாங்குன உசுருதான? இது எப்ப முளைக்கும்?"

சிவசுப்பிரமணியம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாரிச்செல்வம் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அந்த நேரத்தில்தான் ஜெயபாண்டியின் பைக் வந்து நின்றது. யாரோ போன் செய்திருக்க வேண்டும். ஸ்டாண்டு போடாமலே கத்தினான். "வீட்டு மானத்தக் கொண்டாந்து ரோட்டுல போட்டுட்டேல்ல? காலையில என்ன சொல்லிட்டுப் போனேன்? ஏறு வண்டியில!"

"பின்னாடி ரூமுக்குள்ள போயிட்டு வந்து பேசுங்க."

"நான் எதுக்குப் போகணும்?"

"நீங்க போகணும். போயிட்டு வந்தாத்தான் நான் வண்டியில ஏறுவேன்."

போனான். வெளியே வர ஐந்து நிமிடம் ஆனது. வந்தவன் தம்பியைப் பார்த்தான், வாளியைப் பார்த்தான், மகளைப் பார்த்தான். "இவ்வளவு கேவலமா இருக்கும்னு தெரியாது" என்றான் மெல்ல.

ஜோதிகா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப கொஞ்சம் தெரியும்."

ஜெயபாண்டி பார்வையை ரோட்டுப் பக்கம் திருப்பினான்.

அவள் கூட்டாளியின் பக்கம் திரும்பினாள். "நாளைக்குக் காலையில கால்நடைத் துறை ஆபீசுல போய் எழுதிக் குடுக்கப்போறேன். போட்டோ, வீடியோ எல்லாம் எடுத்துத்தான் குடுப்பேன்."

"நானும் வர்றனுங்க்கா" என்றாள் கீர்த்தனா. "எங்க வீதியில இன்னும் மூணு ஊட்டுல வாங்கியிருக்காங்க. அவங்களையும் கூட்டிட்டு வர்றேன்."

சிவசுப்பிரமணியம் சிரித்தார். கல்லாவுக்குப் பின்னால் மீன்தீவனப் பாக்கெட்டுகளை ஒதுக்கி, சுவரில் மாட்டியிருந்த ஒரு பிரேமை விரலால் தட்டினார்.

"தாராளமா எழுதிக் குடுங்க அம்மிணி. அதுக்கு முன்னால இத ஒருக்கா படிச்சுப் பாத்துக்குங்க."

செல்லப்பிராணிக் கடைக்கான பதிவுச் சான்றிதழ். உரிமையாளர் என்ற இடத்துக்கு எதிரே ஜெ. ஜோதிகா என்று இருந்தது. ரேஷன் கார்டுக்கு எடுத்த அவளுடைய போட்டோ. அவளுடைய கையெழுத்து.

கொஞ்ச நேரம் அவளுக்கு எழுத்து எதுவும் தெரியவில்லை. பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"கேஸ் கனெக்‌ஷன் மாத்தணும்னு ஆதார் ஜெராக்ஸ் வாங்குனீங்களே. நாலு எடத்துல கையெழுத்துப் போடச் சொன்னீங்களே."

"சிவா அண்ணன் பேருல ஏற்கெனவே கம்பெனி இருக்கு. தம்பி பேருல போட முடியாதுன்னாங்க. சும்மா ஒரு பேருக்குத்தான் ஜோதிகா..."

"ஏன் முடியாது?"

ஜெயபாண்டி தம்பியைப் பார்த்தான். தம்பி தலையைத் தூக்கவில்லை. இருவருக்கும் தெரிந்த ஏதோ ஒன்றை இருவருமே மறைத்தார்கள்.

"அதெல்லாம் உங்க ஊட்டு விசயமுங்க" என்றார் சிவசுப்பிரமணியம். "கேசுன்னு வந்தா உங்க மேலதான் வரும். அதுக்குத்தான் சொல்றேன், ஊட்டுக்குப் போங்க. அந்தப் பாப்பாவுக்கு வேற ஒண்ணு நல்லதாப் பாத்துக் குடுக்கச் சொல்றேன்."

ஜோதிகா பிரேமை ஆணியிலிருந்து கழற்றினாள். சேலை முந்தானையால் தூசியைத் துடைத்து, தன் பெயரை இன்னொரு தடவை நிதானமாகப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் தெளிந்தது.

"அப்ப இது என் கடை."

"என்னங்க?"

"உரிமையாளர் ஜோதிகான்னு போட்டிருக்குல்ல? அப்ப இது என் கடை. இங்க எனக்குத் தெரியாம எவனும் கத்திரி எடுக்கக் கூடாது. வெளிய போங்க."

"அம்மிணி, வார்த்தைய அளந்து பேசோணும்..."

"வெளிய போங்கன்னேன்!" தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்களும் போங்க. டேய் மாரி, நீயும் எந்திரி. பீப்பாயில கெடக்குற நாப்பத்தியொண்ணுக்கும் நான்தான பதில் சொல்லணும்? சொல்லிக்கிறேன். ஆபீசர் வந்தா எல்லாத்தையும் காட்டி, எம் பேரத்தான் மொதல்ல எழுதச் சொல்லுவேன். ரெண்டாவது யார் பேருன்னு நீங்க மூணு பேரும் பேசி முடிவு பண்ணிக்கங்க."

மூன்று ஆண்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஜெயபாண்டி, "ஜோதிகா, நான் சொல்றதக் கேளு" என்று முடிப்பதற்குள் ஷட்டர் பாதிக்கு இறங்கியது. அதற்குக் கீழே குனிந்து ஆஷா உள்ளே வந்தாள். கீர்த்தனா ஏற்கெனவே உள்ளேதான் நின்றாள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சேலையைச் செருகிக்கொண்டிருந்தாள்.

"பக்கத்துல ஐஸ் எங்கீங்க்கா கெடைக்கும்? நானே வண்டியில போயிட்டு வந்தர்றேன்."

ஜோதிகா பதில் சொல்ல வாயெடுத்தாள். கல்லாமேல் இருந்த கடைப் போன் அடித்தது. எடுத்தாள்.

"ஆஷா அக்வேரியம்ங்களா? பார்சல் சர்வீஸ்ல இருந்து பேசறேன். ஓனர் ஜோதிகா மேடம் இருக்காங்களா?"

"நான்தான்."

"உங்க பேருக்கு அறுபது டப்பா வந்திருக்குங்க மேடம். உயிர்ச்சரக்குன்னு எழுதியிருக்கு. வண்டி நேத்து மத்தியானத்துல இருந்து வெயில்லயே நிக்குது. உங்க ஆளு ஒருத்தர் இன்னிக்குச் சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்னாரு. போனே எடுக்க மாட்டேங்கறாரு. இறக்கி வெக்கட்டுங்களா?"

வெளியே ஷட்டரை யாரோ தட்டினார்கள். ஒருமுறை, இருமுறை. ஜோதிகா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"இறக்க வேண்டாம். வண்டிய மொதல்ல நெழலுக்குக் கொண்டு போங்க. கொண்டுபோயி ஒவ்வொரு டப்பாவாத் தெறந்து, எத்தனை உசுரோட இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

மறுமுனையில் வண்டி நகரும் சத்தம் வந்தது. பிறகு அட்டைப்பெட்டியின் டேப்பை யாரோ கிழிக்கும் சத்தம் கேட்டது.